அல் ஐனுக்குப் போன பாத்திரங்கள்

என் அம்மா மாணவியானபோது எனக்கு ஒன்பது வயது. நான் நான்காம் வகுப்பு, அண்ணன் எட்டாம் வகுப்பு. வீட்டில் மூன்றாவதாக ஒரு ஆள் நோட்டுக்கு அட்டை போட உட்காருவார் என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

அப்போது ஷார்ஜாவில் ரோலா பக்கம் குடியிருந்தோம். அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், தொழில்பேட்டையில் பாத்திரக் கடை. வீட்டுப் பெண்கள் வந்து தட்டிப் பார்த்து வாங்குகிற கடை அல்ல அது. லேபர் கேம்ப் மெஸ்களுக்கும் கேட்டரிங்காரர்களுக்கும் மொத்தமாகக் கொடுக்கிற கடை. அங்கிருந்த அண்டா ஒன்றுக்குள் நான் இறங்கி நின்றால் தலை மட்டும் வெளியே தெரியும். கரண்டிகள் படகுத் துடுப்பைப் போல் சுவரில் சாய்ந்து நிற்கும். முன்னூறு பேருக்குச் சோறா, ஐந்நூறு பேருக்கா என்று மட்டும் அத்தா கேட்பார். ஒரு நொடி கண்ணை மூடுவார். பிறகு விரலை நீட்டி ஏதாவது ஒரு அண்டாவைக் காட்டுவார். அது சரியாக இருக்கும். பாத்திரத்தைப் பற்றி உலகத்தில் அத்தாவுக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அத்தாவும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

அம்மா கணக்கில் பட்டம் வாங்கியவள். எங்கள் பள்ளியில் டீச்சர்கள் யாராவது லீவில் போனால் அந்த வகுப்புக்கு அம்மாவைக் கூப்பிடுவார்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் ஓராண்டு ஆசிரியர் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். யாருக்கும் சொல்லாமல் அம்மா விண்ணப்பம் போட்டாள். இடம் கிடைத்தது, ஆனால் அல் ஐனில். தினமும் போய்வருகிற தூரம் இல்லை. ஞாயிறு முதல் வியாழன் வரை அங்கேயே தங்கி, விடுமுறையான வெள்ளி, சனியில் வீட்டுக்கு வர வேண்டும். கல்லூரிக்குப் பக்கத்தில் படிக்கிற பெண்கள் தங்கும் கட்டடம் ஒன்றில் ஒற்றை அறை பார்த்துவைத்திருந்தாள்.

இதை அவள் சொல்லி ஒரு வாரம் ஆகியும் அத்தா சம்மதம் தரவில்லை. அதற்குள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்துபோய், பெரியம்மா போன் போட்டாள். ரெண்டு புள்ளையப் பெத்தவ தனியா ரூம் எடுத்துத் தங்குறதாவது என்று அவள் கத்தியது போனுக்கு வெளியே எங்களுக்கும் கேட்டது. அத்தா "ம்" கொட்டிவிட்டு வைத்துவிட்டார். பிறகு அம்மாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த ரூம்ல கிச்சன் இருக்கா?"

இருக்கிறது என்று அம்மா தலையை ஆட்டினாள். அவ்வளவுதான், சம்மதம் முடிந்தது. எங்களுக்கு யார் சமைப்பது என்ற கேள்விக்கு, நான் சமைக்கிறேன் என்று அத்தா சொன்னார். அவருக்குப் பாத்திரம் தெரியும், சமையல் தெரியாது. அந்த வித்தியாசம் எங்களுக்குப் பின்னால்தான் தெரியவந்தது.

மறுநாளிலிருந்து அத்தா கடையிலிருந்து வெறுங்கையோடு வருவதை நிறுத்திவிட்டார். முதல் நாள் இரண்டு குக்கர், ஐந்து லிட்டரில் ஒன்று, மூன்று லிட்டரில் ஒன்று. அடுத்த நாள் இட்லிப் பானை. அதற்கடுத்து சோறு வடிக்கிற பாத்திரம், வடிதட்டு, அலுமினியச் சட்டிகள் ஒன்றுக்குள் ஒன்றாக ஆறு, இடியாப்ப உழக்கு, தேங்காய்த் துருவி, இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு. கடைசியாக ஒரு பிரியாணி தேக்சா வந்தது. கேம்ப் கணக்கில் அது குட்டி. ஆனாலும் இருபது பேர் தாராளமாகச் சாப்பிடலாம். ஹாலில் நடக்க இடமில்லை. நானும் அண்ணனும் அந்தப் பளபளக்கும் மலையைச் சுற்றிச் சுற்றி வந்தோம். படிக்கப் போவதென்றால் இவ்வளவு வேண்டும்போல என்று எனக்கு அம்மாவின் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

"எனக்கு ஒரு சட்டி போதும்ங்க" என்றாள் அம்மா.

"ஒத்தச் சட்டிய வச்சுக்கிட்டு எவ குடும்பம் நடத்துறா?"

"குடும்பம் நடத்தப் போகலைங்க. படிக்கப் போறேன்."

அத்தா அதைக் காதில் வாங்கவில்லை. தேக்சாவுக்கு மூடி சரியாக உட்காருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கடையின் பிக்அப்பில் கிளம்பினோம். சமைத்து எடுத்துப்போக அத்தா விடவில்லை. புது வீட்டில் முதலில் பால் காய்ச்ச வேண்டும், பிறகு அங்கேயே சமைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்றார். பாலும் முட்டையும் வெங்காயமும் குபூஸ் ரொட்டியும் அரிசியும் அம்மாவின் மடியில் இருந்தன. பின்னால் கயிறு போட்டுக் கட்டியிருந்தும் ஒவ்வொரு வேகத்தடையிலும் எல்லாப் பாத்திரங்களும் சேர்ந்து எழுந்து உட்கார்ந்தன. ரோட்டின் இரண்டு பக்கமும் மணல் வெளுப்பிலிருந்து செங்கல் நிறத்துக்கு மாறிக்கொண்டே வந்தது. பக்கத்துக் காரில் போனவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முன்னால் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டடம் பழையது, இரண்டு மாடி, லிப்ட் இல்லை. அத்தாவும் அண்ணனும் நானும் ஊர்வலமாகப் படியேறினோம். வாசல்களில் பெண்கள் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். எல்லோருக்கும் கடைசியாக, அடுப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அத்தா வந்தபோது வாட்ச்மேன் ஓடி வந்து வழியை மறித்தார். பட்டான் கிழவர், மருதாணி பூசிய தாடி.

"கேஸ் மாஃபி, பாய். இதர் கேஸ் அலவுட் நஹி."

"கேஸ் கூடாதுன்னா எதுல சமைக்கிறது?"

கிழவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் கேள்வி புரிந்துவிட்டது. எங்களை அறைக்குள் கூட்டிப்போய் விரலை நீட்டினார்.

அறை மொத்தமே எங்கள் ஹாலில் பாதி. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல். சமையலறை என்பது சுவரோரம் ஒரு பலகை. அதில் கை கழுவுகிற தொட்டி, பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியில் ஒரு தட்டு. பர்னர் இல்லை, குழாய் இல்லை, தீக்குச்சி வைக்க இடமில்லை. அம்மாவுக்கே அது அடுப்பென்று அன்றுதான் தெரியும். நான் என் முகத்தை அதில் பார்த்தேன்.

அத்தா சிரித்துக்கொண்டே மூன்று லிட்டர் குக்கரில் கொஞ்சம் பாலை ஊற்றி அதன்மேல் வைத்தார். வாட்ச்மேன் ஒரு பொத்தானைத் தொட்டார். சிவப்பில் எண்கள் வந்தன. பிறகு கீக் கீக் என்று மூன்று தரம் கத்திவிட்டு அது அணைந்துபோனது.

அத்தா குக்கரை எடுத்துவிட்டுச் சட்டியை வைத்தார். கீக் கீக். அடுத்த சட்டி. கீக் கீக். பெரிய குக்கர், வடிக்கிற பாத்திரம், இட்லிப் பானை. பால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறிக்கொண்டே போய்க் குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொன்றையும் அந்தக் கண்ணாடி ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்று தள்ளியது. அத்தா ஆயிரக்கணக்கில் பாத்திரம் விற்றவர். அவர் கொண்டுவந்ததை வேண்டாமென்று சொல்கிற ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

சத்தம் கேட்டு எதிர் அறையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். சூடானிலிருந்து படிக்க வந்தவள், வாசல் நிலையைத் தொடுகிற உயரம். நிலைமையைப் பார்த்துவிட்டுப் போய், பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதைக் குக்கரின் அடியில் வைத்தாள். காந்தம் வழுக்கி விழுந்தது. என்னைப் பார்த்து இங்கிலீஷில், காந்தம் எதைப் பிடிக்கிறதோ அதை மட்டும்தான் இந்த இண்டக்ஷன் அடுப்பு ஏற்கும், உன் அப்பாவிடம் சொல் என்றாள்.

அத்தாவுக்குப் பாத்திரத்தைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த நிமிடம் இன்றுவரை எனக்கு மறக்கவில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு காந்தத்தை என் கையில் கொடுத்து, "பாரு" என்றார்.

நான் தரையில் மண்டியிட்டு ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன். குக்கர்கள், ஆறு சட்டிகள், பானை, தேக்சா. எல்லாம் அலுமினியம். காந்தம் ஒவ்வொன்றிலிருந்தும் விழுந்தது. மூலையில் அம்மாவின் புத்தகப் பெட்டி இருந்தது. அதில் ஏதோ நீட்டிக்கொண்டிருந்ததால் அங்கேயும் காந்தத்தைக் கொண்டுபோனேன். அது என் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு டக்கென்று ஒட்டியது. பேப்பரைப் பிரித்தால் எங்கள் வீட்டு இரும்புத் தோசைக்கல். அத்தாவின் கடைச் சரக்கு அல்ல. அம்மா கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்தது. அத்தாவுக்குத் தெரியாமல் தன் புத்தகங்களுக்கு நடுவில் அவள் எடுத்துவைத்த ஒரே பாத்திரம்.

"தோசைக்கல்லுல எப்புடிப் பால் காய்ச்சுறது?" என்றார் அத்தா. அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

அம்மா எழுந்து வந்தாள். கல்லைக் கழுவிக் கண்ணாடியின்மேல் வைத்தாள். எண்கள் வந்தன. கத்தவில்லை. நடுவில் குழிந்திருந்த இடத்தில் மிச்சமிருந்த பாலில் கால் டம்ளர் ஊற்றினாள். தீ இல்லை, புகை இல்லை, சத்தமில்லை. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே அந்த வெள்ளை வட்டத்தின் ஓரம் நடுங்கியது. நுரைத்தது. குபுக்கென்று எழுந்து கல்லின் விளிம்பைத் தாண்டிக் கண்ணாடியில் வழிந்தது. ஒரு விரல் தள்ளிக் கண்ணாடியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. பக்கத்தில் பால் கொதிக்கிறது, இங்கே குளிர்கிறது. அம்மாதான் இதைச் செய்தாள் என்றே எனக்குத் தோன்றியது; வேறு எப்படி நினைப்பது?

"பொங்கிருச்சு. போதும்ல?" என்றாள். சூடான் பெண் கை தட்டினாள். வாட்ச்மேன் "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

பிறகு அந்த ஒரே கல்லில் அம்மா எல்லோருக்கும் சமைத்தாள். வெங்காயம் நறுக்கி முட்டையை ஊற்றுவாள், திருப்புவாள், அதன்மேல் குபூஸை வைத்துச் சுடவைத்து எடுப்பாள். முதலில் அண்ணனுக்கு, பிறகு எனக்கு, அத்தாவுக்கு, எதிர் அறைப் பெண்ணுக்கு. வடிக்க வழியில்லாத அரிசிப் பை மூலையில் கிடந்தது. இருட்டுவதற்குள் ஷார்ஜா ரோட்டைப் பிடிக்க வேண்டுமென்று அத்தா அவசரப்படுத்தியதால் அம்மா அப்போது சாப்பிடவில்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கத்தி, ஒரு கரண்டி மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் கொண்டுபோகச் சொன்னாள். அத்தா எதிர்த்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தேக்சாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார்.

பிக்அப் ஊரைத் தாண்டவில்லை. ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் முன்னால் அத்தா வண்டியை நிறுத்தி, "பாப்பா, அந்தக் காந்தம் உங்கிட்டதான இருக்கு?" என்று கேட்டார். திருப்பிக் கொடுக்க மறந்து சட்டைப் பையில் போட்டிருந்தேன். அண்ணனை வண்டியில் விட்டுவிட்டு இருவரும் உள்ளே போனோம். பாத்திர வரிசையில் அத்தா மெல்ல நடந்தார். ஒவ்வொன்றாக எடுத்து, தூக்கிப் பார்த்து, சுண்டிப் பார்த்து, கவிழ்த்து என்னிடம் நீட்டினார். நான் காந்தத்தை வைத்தேன். கடைசியில் அடி கனமான எவர்சில்வர் சட்டி ஒன்றைக் காந்தம் பிடித்தது. மூடியோடு இருந்தது. ஒரு ஆளுக்கு ஒரு வேளைச் சோறு வடிக்கலாம், அவ்வளவுதான். அத்தா அதை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கண்ணை மூடி அளவு பார்க்கிறார் என்று நினைத்தேன்.

திரும்பி அந்தக் கட்டடத்துக்கு வந்தோம். அத்தா மேலே வரவில்லை. "நீ மட்டும் போயிக் குடுத்துட்டு வா. அந்தப் புள்ளையோட காந்தத்தையும் குடுத்துரு" என்றார்.

படியேறினேன். கதவு சாத்தாமல் இருந்தது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி மேசையில் உட்கார்ந்திருந்தாள். புத்தகம் திறந்திருந்தது. பக்கத்தில் அந்தத் தட்டில் முட்டை, ஆவி பறந்தது. ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டாள். மென்றாள். ஒரு பக்கத்தைத் திருப்பினாள். இன்னொரு துண்டு பிட்டாள். எங்கள் வீட்டில் அம்மா சாப்பிட்டு நான் பார்த்ததெல்லாம், நின்றுகொண்டு, எங்கள் தட்டில் மிஞ்சியதை, யாராவது கூப்பிட்டுவிடுவார்கள் என்பதுபோல் அள்ளிப் போட்டுக்கொள்வதைத்தான். இப்படி உட்கார்ந்து, இவ்வளவு மெதுவாக அவள் சாப்பிடுவாள் என்று எனக்குத் தெரியாது. கூப்பிடத் தோன்றாமல் சட்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தேன். முதுகைப் பார்த்தால் வேறு யாரோ போலிருந்தது.

அவளாகத் திரும்பிப் பார்த்தாள். சட்டியை வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள், என்னவோ அதற்குள் இருப்பதுபோல.

"அத்தா எங்க?"

"கீழ. வரலையாம்."

அம்மா சட்டியோடு ஜன்னலுக்குப் போனாள். கீழே அத்தா வண்டியில் சாய்ந்து நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சட்டியைத் தூக்கிக் காட்டினாள். அவர் தலையை ஆட்டினார். எனக்கு முத்தம் கொடுத்து அனுப்பிவைத்தாள். எதிர் அறையில் காந்தத்தைக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

வண்டி கிளம்பியதும் அத்தா கேட்டார்: "அம்மா என்ன பண்ணுது?"

"சாப்பிடுது. ஆனா பசியே இல்லபோல அத்தா. ரொம்ப மெதுவாச் சாப்பிடுது."

இதைக் கேட்டதும் அவர் வண்டியைத் திருப்புவார், மேலே போய் ஏன் பசிக்கவில்லை என்று விசாரிப்பார் என்று நிச்சயமாக எதிர்பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்சதூரம் ஓட்டினார்.

"சாப்பிடட்டும்" என்றார். "மெதுவாவே சாப்பிடட்டும்."

அம்மாவுக்குப் பசி இல்லையே என்று வழியெல்லாம் நான்தான் கவலைப்பட்டுக்கொண்டு வந்தேன்.