காலையில் கரையேறிய ஆதிமனிதர்

போன ஞாயிறு சாயங்காலம் காரைக்கால் கடற்கரை ரோட்டில் ஒரு லாட்ஜ் திறப்பு விழா. டிசைன் என் தம்பி ஜெரோமுடையது. அவனுடைய முதல் கட்டிடம்! இது சொதப்பினால் ஊரில் கோழிக்கூண்டு கட்டக்கூட யாரும் அவனைக் கூப்பிட மாட்டார்கள்.

அவன் இங்கிலீஷ் மேகஸின் படித்துக் கெட்டவன். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் ஓவியத்தை ஏதோ ஒரு ஹோட்டல் சுவரில் தீட்டியிருந்தார்களாம். உடனே இவனுக்கும் ஒரு பூர்வகுடி வேண்டுமே... காரைக்காலில் எங்கே போவது? மீனவர்கள் வாழும் பட்டினச்சேரிக்கு சைக்கிளை மிதித்தான்.

அங்கே மீனவர் சிங்காரவேலு, காலமான தன் அப்பாவின் கட்டுமரத்திலிருந்து ஒரு மரத்தைச் சும்மாவே எடுத்துக் கொடுத்தார். நம்மாள் அதைக் கொண்டுவந்து... வாசற்படியாகப் பதித்தான்! பக்கத்தில் போர்டு வேறு — 'ஆதிமனிதர்களின் எளிய கலை'.

விழாவுக்கு சிங்காரவேலு சலவை வேட்டியில், சொந்தக்காரர்களோடு வந்தார். வாசலில் நின்றவர் நின்றவர்தான். பின்னால் விருந்தாளிகள் ரோடு வரைக்கும் தேங்கிவிட்டார்கள். லாட்ஜ் முதலாளி என் தம்பியை முறைத்தார். தம்பி என்னைப் பார்த்தான். நான் மாதாவை வேண்டிக்கொண்டேன்.

"யாருங்க தம்பி ஆதிமனிதர்? நான் இன்னிக்குக் காலையிலதாங்க கரையேறுனேன். அதுவும் இன்ஜின் வச்ச படகுல" என்றார் சிங்காரவேலு.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்து அவர் சொன்னதில் அடங்கிவிட்டது.

"செருப்புக் காலோட யாரும் இதுல ஏற எங்கப்பா விட்டதில்லங்க. நான் எப்படி மிதிக்கிறது?"

ஜெரோமின் முகம் போன போக்கு! ஆனால் ஒன்று — அவன் சப்பைக்கட்டு கட்டவில்லை. போர்டைப் பிடுங்கினான். "தெரியாம செஞ்சிட்டேங்க. எங்க வைக்கணும்னு நீங்களே சொல்லுங்க" என்றான்.

சிங்காரவேலு மேலே கை காட்டினார். நல்லவேளை, மரத்துக்கு சிமெண்ட் பூசவில்லை. அவருடைய ஆட்களே தூக்கி, வாசலுக்கு மேல் கயிறு போட்டுக் கட்டினார்கள். கடலில் அவிழாத முடிச்சு, லாட்ஜிலா அவிழப்போகிறது?

போர்டில் என்ன எழுதுவது என்றும் அவரையே கேட்டோம். 'பட்டினச்சேரிக் கட்டுமரம். தந்தவர் சிங்காரவேலு.' அவ்வளவுதான்! கேட்டால் சொல்லப்போகிறார்கள்... அந்த ஆஸ்திரேலியா ஹோட்டல்காரர்கள் அந்தப் பூர்வகுடிகளில் யாரையாவது கேட்டிருப்பார்களா?

மரம் கொஞ்சம் தாழ்வாகவே தொங்கியது. சிங்காரவேலு முதலில் நுழைந்தார். அவருக்குப் பின்னால் முதலாளி, தாசில்தார், பங்குச் சாமியார் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டே போனார்கள்.

குனிய மறந்து இடித்துக்கொண்டது ஒரே ஒருவன் — டிசைன் செய்த மகராசன். நெற்றியில் புடைப்பு, கையில் அடுத்த கட்டிடத்துக்கு ஆர்டர்!