ஏலக்காய் மாலையில் என் ரிப்பன்

மேடையில் யார் கழுத்திலாவது ஏலக்காய் மாலையைப் பார்த்தால் இன்றும் என் கண் முகத்துக்குப் போவதில்லை. முடிச்சைத்தான் தேடுகிறது. இந்தச் சந்தேகப் புத்தி எட்டு வயதில் பிடித்தது.

அப்போது அம்மா போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முறத்தில் கொட்டி, பச்சை தனியாக, வெளுத்தது தனியாக, வெடித்தது தனியாகப் பெண்கள் பிரிப்பார்கள். சாயங்காலம் வாசலில் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். அதனாலோ என்னவோ, அம்மாவும் யாரையும் லேசில் நம்பமாட்டாள். பால்காரர் சிரித்தால் பாலை முகர்ந்து பார்ப்பாள்.

அந்தக் கடைக்குத் தரம் பிரிக்கும் மெஷின் வந்தது. அங்கே காய் சலித்துக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு முதலில் வேலை போனது. அடுத்தது பொறுக்கும் பெண்கள்தான் என்று பேசிக்கொண்டார்கள். சித்தப்பா புதிதாகக் கிளம்பிய ஒரு கட்சியில் சேர்ந்து எங்கள் வீட்டு வாசலில் கொடி கட்டினார்.

"நாங்க ஜெயிச்சு வந்தா மெஷினத் தூக்கி ஆத்துல போட்டுருவோம் மதினி."

"மறுநாளே எடுத்துட்டு வந்துருவாக தம்பி. ஒங்க தலைவரு ஆத்தங்கரையில காவலுக்கு உக்காருவாகளா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு நானும் கடைக்குப் போயிருந்தேன். முதலாளி அம்மாவிடமும் இன்னும் சில பெண்களிடமும் திரட்சியான காயாக ஒரு கூடை கொடுத்து மாலை கோக்கச் சொன்னார். யாருக்கு என்று சொல்லவில்லை. "வீட்டுல விசேசமா மொதலாளி?" என்று அம்மா வாயைக் கிளறியதும் கணக்கு நோட்டைப் புரட்டத் தொடங்கிவிட்டார். கடைசி முடிச்சுக்குச் சரிகை போதாமல், அம்மா என் சடையிலிருந்த பச்சை ரிப்பனை உருவிக் கட்டிவிட்டாள். நான் கடித்துக் கடித்து அதன் ஓரம் பிய்ந்திருக்கும்.

மறுநாள் கட்சிக் கூட்டம். சித்தப்பா எங்களை முன்னால் உட்காரவைத்தார். உங்கள் சோற்றைப் பறிக்க வந்த மெஷினையும், அதை வாங்கிய முதலாளிகளையும் விடமாட்டேன் என்று தலைவர் முழங்கினார். அவர் மார்பில் கிடந்த மாலையின் அடியில், ஓரம் பிய்ந்த பச்சை ரிப்பன்.

"அம்மா, என் ரிப்ப..."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். மாலை கோத்த மற்றப் பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் கை தட்டினார்கள்.

"எப்பிடி மதினி பேச்சு?" என்று வழியில் சித்தப்பா கேட்டார்.

"நல்லாத்தான் பேசுனாக தம்பி."

வேலை போன பிறகு அன்றுதான் சித்தப்பா சிரித்தார். வீடு வரும்வரை கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தார்.

தேர்தலில் அம்மா அந்தக் கட்சிக்கே போட்டாள்.

"ரிப்பனப் பாத்தேல்ல? பெறகு ஏன் போட்ட?"

"பாத்தேன்." அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தாள். "மத்தவக நம்மகிட்டப் பொய் சொல்லக்கூட வரலையே ஆத்தா."

கட்சி ஜெயித்தது. மெஷின் கடையிலேயே இருந்தது. அம்மாவும் வேலை போய் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

எனக்கு ரிப்பன் போன கோபம்தான். சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேடையேறியாவது வாங்கித் தந்திருப்பார். அதை அவரிடம் சொல்லவிடாமல் தடுத்த அம்மாவும் அவர்களுக்கு உடந்தையோ என்று வெகுநாள் அவளைச் சந்தேகித்தேன். கூட்டம் முடிந்து வந்த அன்று வழிநெடுக அவள் சித்தப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தது ஏன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.