நாற்பதுக்கு இருபத்தைந்து

ஏன்-அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். ஏழெட்டு மருத்துவமனைகளின் கம்ப்யூட்டர் கோளாறுகளை போனில் கேட்டுச் சரிசெய்கிற சர்வீஸ் டெஸ்க் எங்களுடையது. கோளாறு வந்தால் டிக்கெட் என்று ஒரு புகார்ப் பதிவு போடுவோம். அணைத்துப் போடச் சொல்வோம். ஓடிவிட்டால் டிக்கெட்டை மூடிவிட்டு அடுத்த அழைப்பை எடுப்போம். அக்கா மட்டும் மூடமாட்டார். "ஓடுது சரி, ஏன் நின்னுச்சு?" என்று உயிரை வாங்குவார். பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி, அதே கேள்வி.

இந்த வருஷம் நிர்வாகத்துக்குத் திடீர் ஞானோதயம். சேவை மேலாண்மைச் சான்றிதழ் இல்லாதவர்களுக்குக் காலாண்டு முடிவோடு வேலை இல்லை என்று மெயில் போட்டார்கள். அக்காவின் கணவர் பக்கவாதத்தில் விழுந்து அப்போது பதினாலு மாதம். வாரம் மூன்று நாள் பிசியோதெரபி, எல்லாம் அக்காவின் ஆபீஸ் காப்பீட்டில். இடது கால் அப்போதுதான் ஓரடி எடுத்து வைக்க ஆரம்பித்திருந்தது. வேலை போனால் காப்பீடும் கூடவே போகும். காப்பீடு போனால் அந்தக் கால் அங்கேயே நின்றுவிடும்.

நான் ஏற்கெனவே தேறியவன். சாப்பாட்டு வேளையில் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். ஐடில், கோபிட், ஐஎஸ்ஓ 20000 என்று மூன்று முறைகள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் தேர்வில் பாதி. புத்தகத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன். அக்கா மண்டையில் ஏறவே இல்லை. எனக்கோ பொறுமை கிடையாது, வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன். மூன்றாவது வாரம் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே அவர் சொன்னார்:

"இரு தம்பி, நான் சொல்றேன். சமையலை எப்படிச் செஞ்சா நல்லா வரும்னு சொல்றது ஐடில். உப்பு தூக்கலாப் போனா யாரு பதில் சொல்லணும்னு முன்னாடியே முடிவு பண்றது கோபிட். வெளியாள் வந்து எட்டிப் பாத்து, 'இந்த அடுப்படி ஒழுங்கா இருக்கு'ன்னு சீட்டு குடுத்துட்டுப் போறது ஐஎஸ்ஓ. சரியா?"

சரியாவது! எனக்குப் பாடம் எடுத்த ஆளே இப்படி விளங்க வைத்ததில்லை. மாதிரித் தேர்வில் நாற்பதுக்கு முப்பத்திரண்டு வாங்கினார். தேற இருபத்தாறு போதும்.

உண்மைத் தேர்வில் வாங்கியது இருபத்தைந்து.

தலையில் அடித்துக்கொண்டேன். மறுதேர்வுக்குக் கிடைத்த தேதியோ கெடு முடிந்து ஒன்பது நாள் கழித்து. மேனேஜர் கையை விரித்துவிட்டார். எந்தக் கேள்வியில் கோட்டை விட்டீர்கள் என்று அக்காவைப் பிடுங்கி எடுத்தேன்.

"ஒரே மெஷின் மூணாவது தடவையா நின்னுபோச்சு, ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க, முதல்ல என்ன செய்யணும்னு இருந்துச்சு."

"அட கடவுளே, அது சும்மா கிடைக்கிற மார்க்காச்சே! முதல்ல ஓட வை, காரணம் அப்புறம். படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"புக்குல என்ன இருக்குன்னு தெரியும்டா. கை போகல. அந்த லேப் மெஷின் ஞாபகம் வந்துடுச்சு."

முந்தின வருஷம் ஒரு மருத்துவமனையில், ரத்தப் பரிசோதனை முடிவுகளை அனுப்புகிற கம்ப்யூட்டர் பதினொரு தடவை நின்றது. பதினொரு தடவையும் அணைத்துப் போடச் சொல்லி டிக்கெட்டை மூடியவன் நான். ஏன் என்று பார்க்கலாமே என்று அக்கா கேட்டதற்கு, "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றேன். பன்னிரண்டாவது தடவை நின்று எழுந்தபோது ஒருவருடைய முடிவு இன்னொருவர் பெயரில் போயிற்று. அந்த இன்னொருவர் தவறான மருந்தில் செத்துப்போனார். விசாரிக்க வந்தவர்கள் என் டிக்கெட்டுகளைப் புரட்டிவிட்டு, எல்லாம் விதிப்படி நடந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். புத்தகத்தைக் குறை சொல்லி என்ன செய்ய? காரணத்தை அப்புறம் பார் என்றுதான் அதில் இருக்கிறது. அந்த அப்புறம் வராமல் பார்த்துக்கொண்டவன் நான்.

கெடு முடிந்த திங்கட்கிழமை, அக்காவின் கணக்கை முடக்கச் சொல்லி ஒரு டிக்கெட் என் வரிசையில் வந்து விழுந்தது. லாகின், நுழைவு அட்டை, காப்பீடு. வேறு யார் தலையிலாவது கட்டியிருக்கலாம். கட்டினால் மட்டும் என்ன ஆகப்போகிறது? நானே முடித்தேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"தம்பி, பிசியோதெரபி கவுன்டர்ல நிக்கறேன். கார்டு எடுக்கலைங்கறாங்க. கொஞ்சம் பாத்துச் சொல்றியா?"

"நிறுத்தியாச்சுக்கா."

"இன்னிக்கு ஒரு நாள் இருக்கும்னு நெனச்சேன். எப்ப நிறுத்தினாங்க?"

"பத்தேகாலுக்கு. நான்தான்க்கா நிறுத்தினேன்."

"சரி விடு, நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத" என்றார். போனை வைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது.

"எந்திரிக்காதீங்க, உக்காருங்க. இன்னிக்கு இல்லையாம்."

கணவர் ஏதோ குழறலாகக் கேட்டார். எனக்குப் புரியவில்லை.

"புதன்கிழமை வரச் சொல்லியிருக்காங்க" என்று அக்கா அவரிடம் பொய் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.