குட்டி அருவி

ஆனைமலைக்குப் பக்கத்தில் இருக்கும் கருவேலம்பள்ளம் அணைக்கு அறுபத்திரண்டு வயது. அங்கே படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் பொற்கொடிக்கு நாற்பத்தெட்டு. பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக ஊழியர். அணையின் மண் கரைக்குப் பின்புறத்தைத் தினமும் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். கழிப்பறை அந்தப் பக்கம் இருந்தது.

அப்படிப் போன ஒரு நாள், கரையடியில் நீர் கசிவதைப் பார்த்தார். உதவிப் பொறியாளர் ஈஸ்வரமூர்த்தியிடம் ஓடினார்.

“ஏனுங்க சார், கரை ஒழுகுதுங்க.”

“ஒழுகறதெல்லாம் இல்லீங்க அம்மணி. வயசான அணை, கொஞ்சம் வேர்க்கும்.”

அடுத்த மாதமே கசிவைச் சுற்றி சிமெண்ட் பாறை கட்டி, நீல விளக்கு மாட்டி, ‘குட்டி அருவி’ என்று பலகை வைத்தார்கள். கோயமுத்தூரிலிருந்து வந்த குடும்பங்கள் அதில் தலையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டன. வாரத்துக்கு வாரம் அருவி பெருத்தது. பொதுப்பணித் துறைக்கு ஒரே பெருமை.

பொற்கொடியின் வீடு கரைக்குக் கீழேதான். தினமும் ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, தேதி எழுதி, கவுண்டர் ஜன்னலில் வைத்தார். ஐப்பசி மழையில் அணை நிரம்பிய ஞாயிற்றுக்கிழமை காலை, பாட்டில் செம்மண் நிறமானது. தண்ணீர் கரையைத் தின்னத் தொடங்கியிருந்தது.

அன்று படகுப் போட்டி. பந்தலில் மேலதிகாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஈஸ்வரமூர்த்தியின் முன்னால் பாட்டிலை வைத்தார்.

“டீ இப்பத்தானுங்க குடிச்சேன்.”

“டீ இல்லீங்க சார். உங்க அணைங்க.”

பொறியாளர் முகம் வெளிறியது. “போட்டி முடியட்டுமுங்க,” என்று முணுமுணுத்தார்.

பொற்கொடி மைக்கைப் பிடுங்கினார். “அருவியில நிக்கறவங்க எல்லாரும் மேட்டுக்கு ஏறுங்க! கரை ஒடையப்போகுதுங்க!”

இரண்டே நிமிடத்தில் பந்தல் காலி. முதலில் ஓடியவர் மேலதிகாரி. கீழே இருந்த வீடுகளைக் காலி செய்து, மதகைத் திறந்து, சாயங்காலம் வரை மணல் மூட்டை அடுக்கினார்கள். கரை நின்றது. ஓர் உயிருக்கும் சேதமில்லை.

உரிய நேரத்தில் அணையைக் காத்ததற்காக ஈஸ்வரமூர்த்திக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. பொற்கொடிக்கு மெமோ வந்தது: அனுமதியின்றி ஒலிபெருக்கியைப் பயன்படுத்தியது ஏன்?

அவர் அதன் அடியிலேயே பதில் எழுதிக் கொடுத்தார்: “மெதுவாகச் சொன்னபோது அருவி கட்டிவிட்டீர்கள், ஐயா.”