சொல்லிக்கொண்டு கிளம்பியவன்

நாற்பத்தாறு வயதில் கல்லூரியில் சேர்ந்த எனக்குக் கிடைத்த ஒரே லாபம், மாணவர் சலுகையில் விமான டிக்கெட். வகுப்புத் தோழன், யாழ்ப்பாணத்துச் சிவாவோடு சென்னையிலிருந்து சிட்னிக்குச் சுற்றுலா கிளம்பினேன். விடுதிச் செலவை மிச்சப்படுத்த, அங்கே டூங்கபி என்ற புறநகரில் அவனுடைய மாமி வீட்டில் தங்குவதாகத் திட்டம்.

நாங்கள் போய் இறங்கிய அன்று மாமா மாரடைப்பில் இறந்துவிட்டார். ஒரு வாரம் துறைமுகப் பாலமும் பார்க்கவில்லை, கடலும் பார்க்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன். மனம் மரத்திருந்தது.

கிளம்பும்போது பழக்கதோஷத்தில் மாமியிடம், "போயிட்டு வர்றேன் அன்ரி" என்றேன். சாவு வீட்டில் சொல்லவே கூடாத வார்த்தை. பேசாமல் எழுந்து போக வேண்டும்.

"அண்ணை, உங்களுக்கு விசரே?" என்றான் சிவா.

"நீ சும்மா இரு" என்றார் அன்ரி. "வந்த சனமெல்லாம் சொல்லாமத்தான் போனது. அவரும் சொல்லாமத்தான் போனவர். வாங்கோ தம்பி."

பிறகு நான் சிட்னிப் பக்கம் போகவில்லை. வர்றேன் என்று சொன்னது மட்டும் அங்கேயே இருக்கிறது.