நாலாம் டேபிளில் ஸ்பானிஷ்

1. யாருக்கும் என் இங்கிலீஷ் வேண்டியிருக்கவில்லை

கார்த்திகை தீபம் முடிந்து ஊர்க்கூட்டம் வடிந்ததும் எங்கள் கபேயில் வெளிநாட்டுக்காரர்களின் சீசன் தொடங்கிவிடும். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமங்கள் இருக்கும் பக்கம், முழுக்க சைவம். நான் அங்கே கேப்டன். வருபவர்களை உட்கார வைத்து, ஆர்டர் எடுத்து, சமையலறைக்கும் டேபிளுக்கும் நடுவில் எதுவும் தவறிப்போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. லண்டன்காரர் வந்தாலும் சிட்னிக்காரர் வந்தாலும் "ராஜேந்திரனைக் கூப்பிடு" என்பார்கள். என் இங்கிலீஷுக்கு அவ்வளவு பேர். அந்தப் பேரில் நான் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்துகொண்டிருந்தேன்.

ஒரு மார்கழிக் காலையில் ஸ்பெயினிலிருந்து ஒரு குழு வந்து உட்கார்ந்தது. என்ன குடிக்கிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓர் அம்மா கையால் எதையோ ஊற்றிக் காட்டினார். வெந்நீர் கொண்டுவந்தேன். இல்லை என்று தலையாட்டினார். இன்னொருவர் பிழிவதுபோலக் காட்டினார். லெமன் ஜூஸ் கொண்டுவந்தேன். அதுவும் இல்லை. பக்கத்து டேபிள்காரர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்கு வேர்த்தது.

அப்போது பில்லிங் கவுண்டரிலிருந்து ஜுபைதா எழுந்து வந்தாள். தேரடி வீதிப் பக்கம் அத்தர் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். கவுண்டரில் உட்கார்ந்து பில் போடுவதுதான் அவள் வேலை, டேபிள் பக்கம் வரவே மாட்டாள். வந்தவள், "புவெனோஸ் தியாஸ்" என்று ஸ்பானிஷில் காலை வணக்கம் சொன்னாள். அத்தனை முகங்களும் ஒரே நேரத்தில் மலர்ந்தன. கடகடவென்று பேசினார்கள். அவள் நிதானமாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, அந்தம்மாக்கு இஞ்சி டீ, எலுமிச்சை பிழிஞ்சி. இவங்களுக்குப் பால் காபி, சக்கர கம்மியா. மத்தவங்களுக்கு இளநீ."

எனக்கே ஆர்டர் சொல்கிறாள். எழுதிக்கொண்டு உள்ளே போனேன். காபி போடுகிற ஏழுமலை, "இன்னாண்ணா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

2. எரிச்சல்

போன சீசனில் அர்ஜென்டினாக்கார அம்மா ஒருவர் தினமும் கவுண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். நான் அதைப் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன். ஜுபைதா அவரிடம் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்குப் பிறகு வீட்டில் போனைப் பார்த்துப் பார்த்துப் படித்திருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்தக் காலைக்கு அப்புறம் ஸ்பானிஷ் பேசுகிறவர் யார் வந்தாலும் நேராகக் கவுண்டருக்குத்தான் போனார்கள். என்னைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு. அவளைப் பார்த்தால் கன்னத்தில் கன்னம் வைக்க வருவார்கள், அவள் வெட்கப்பட்டுக் கைகூப்புவாள். அவள் சிரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் நன்றிக்கு "கிராசியாஸ்" என்று சொல்லும்போது கடைசியில் ஓர் இழுப்பு வரும், அதுவும் பிடிக்கவில்லை. வேலையில் நல்ல பெயர் எடுத்த ஒருவனுக்கு வரும் பொறாமை எப்படி இருக்கும் என்றால், எதிராளி செய்த தப்பு ஒன்றுகூட அகப்படாது. அதனால் இன்னும் ஜாஸ்தியாகும்.

ஒருநாள் மேடம் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். கபே அவருடையது. "தை மாசம் பெரிய ஸ்பானிஷ் குரூப் ஒண்ணு ரூஃப்டாப் முழுசா எடுத்துக்குது. காலையில தியானம், அப்புறம் டிபன், காபி எல்லாம் மேலதான். ஜுபைதா, நீ மேல பாத்துக்கறியா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "பாத்துக்கறேன் மேடம்" என்றாள்.

ரூஃப்டாப்பைப் பிளான் போட்டு மேஜை நாற்காலி வாங்கியதிலிருந்து எல்லாம் நான் பார்த்தது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

3. கிசியேரா உன் கஃபே

என் வீடு கீழ்பென்னாத்தூர். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டேன். ஸ்பானிஷ் புதிதாகக் கற்பவர்களுக்கு, பானம் ஆர்டர் செய்வது எப்படி, மரியாதையாகக் கேட்பது எப்படி என்று வீடியோக்கள் கொட்டிக்கிடந்தன. என் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் ஏது என்று நினைத்தேன். உதட்டை அசைத்துச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் ஒருவர், "மந்திரமா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவைத்தேன்.

நன்றாக மனப்பாடம் ஆனதும் ஒரு காலை சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனேன். ஜுபைதா கவுண்டரில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டேன். அவள் காதில் விழ வேண்டும். நாலாம் டேபிளில் நரைத்த மீசைக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். போய் நின்று, கைகூப்பி, தெளிவாகச் சொன்னேன்.

"புவெனோஸ் தியாஸ். கிசியேரா உன் கஃபே கோன் லேச்சே, போர் ஃபவோர்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். புரியவில்லை போலிருக்கிறது என்று அடுத்ததையும் எடுத்துவிட்டேன்.

"மே த்ராயே உன் வாசோ தே ஆகுவா, போர் ஃபவோர்?"

அவர் மெதுவாக எழுந்தார். காலியாக இருந்த நாற்காலியை இழுத்து, என் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். டேபிளில் இருந்த துணியை எடுத்து முன்கையில் மடித்துப் போட்டுக்கொண்டார். முதுகை நிமிர்த்தி எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு நேராகக் காபி கவுண்டருக்குப் போனார். ஏழுமலை பயந்துபோய் ஒரு காபியும் ஒரு தண்ணீர் டம்ளரும் கொடுத்தான். அவர் ட்ரேயை உள்ளங்கையில் ஏந்தி, இடுப்பை வளைத்து டேபிள்களுக்கு நடுவே வந்து, துளி சிந்தாமல் என் முன்னால் வைத்தார். கபே முழுக்கக் கைதட்டியது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜுபைதா ஓடிவந்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணா... நீங்க ஆர்டர் எடுக்கல. குடுத்துட்டீங்க. பால் காபி ஒண்ணு வேணும், தண்ணி கொண்டாறீங்களானு கேட்டீங்க."

வீடியோக்கள் எல்லாம் சாப்பிட வருபவனுக்கானவை. பரிமாறுபவன் பேசுவது எதுவும் அதில் இல்லை. இது எனக்கு உறைக்க அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது. எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. அந்த மனிதர் விடவில்லை. ஜுபைதாவிடம் ஏதோ சொன்னார்.

"இவரு அவங்க ஊர்ல பார்ல சர்வராம் அண்ணா. காலமெல்லாம் அதே வேலதானாம். அங்க எல்லாரும் 'பொன்மே உன் கஃபே', அதாவது காபி போடு, அவ்ளோதான் சொல்வாங்களாம். உங்கள மாதிரி இவ்ளோ மரியாதையா யாரும் கேட்டதில்லயாம். அதான் அவரே கொண்டாந்து குடுத்தாராம்."

"நான் இன்னா மரியாதையா கேட்டேன்?"

"'கியேரோ'ன்னா வேணும். நீங்க 'கிசியேரா'னு சொன்னீங்க. 'குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்'ங்கற மாதிரி. அதுக்கு மேல 'போர் ஃபவோர்' வேற, ரெண்டு தடவ."

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தொழில்காரன் கை. விரல் நுனிகளில் சூடு பட்டுக் காய்த்திருந்தது, என்னுடையதைப் போலவே. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பரிமாறுபவன் சொல்ல வேண்டியதை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "கே தேசேயா தோமார்?" என்ன குடிக்கிறீர்கள். "என்செகீதா." இதோ, உடனே. காபியைக் குடித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். ஏழுமலை போட்ட காபியை எங்கள் கபேயில் உட்கார்ந்து குடித்தது அதுதான் முதல் தடவை.

4. ரூஃப்டாப்

சிரித்துவிட்டோம், சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். தை மாதம் குழு வந்தது, ஜுபைதா மேலே போனாள், நான் கீழே நின்று மாடியில் எழும் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வயிறு பற்றி எரிந்தது.

முதல் நாள் டிபன் நேரத்தில் அவள் படியில் இறங்கி வந்தாள்.

"அண்ணா, மேல வர்றீங்களா? எல்லாரும் ஒரே நேரத்துல கேக்கறாங்க. எது எந்த டேபிளுக்குனு எனக்குத் தெரியல. மோர் கேட்டவங்களுக்குப் பாதாம் பால் போயிடுச்சி."

அவள் திண்டாடட்டும் என்று ஒரு மனம் சொன்னது. மேலே போனால் எல்லோரும் என் வேலையைப் பார்ப்பார்கள் என்று அதே மனம் அடுத்ததாகச் சொன்னது. எது என்னை மேலே அனுப்பியது என்று இன்றைக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. போனேன். டேபிள்களுக்கு நம்பர் போட்டேன். அவள் கேட்டுச் சொல்ல, நான் சீட்டு எழுதி அனுப்ப, ட்ரே ட்ரேயாக மேலே வந்தது. பேச்சு அவளுடையது, ஓட்டம் என்னுடையது. நடுநடுவே நானும் "என்செகீதா" என்றேன். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

குழு கிளம்பிய அன்று மேடம் எல்லோர் முன்னாலும் ஜுபைதாவைப் பாராட்டினார். என் பெயர் இரண்டாவதாக வந்தது. நாற்காலிகளை அடுக்கும்போது ஜுபைதா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒண்ணு சொல்லட்டா அண்ணா? நீங்க கைநெறைய டம்ளர் வெச்சிக்கினு படியேறுவீங்க இல்ல, ஒரு சொட்டு சிந்தாது. கவுண்டர்ல உக்காந்து பாத்துப் பாத்து எனக்கு வயிறு எரியும். நமக்கு ஏன் அது வரலனு."

"நெஜமாவா?"

"அல்லா மேல ஆணையா."

பதிலுக்கு நான் என்னுடைய எரிச்சலைச் சொன்னேன். அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "தெரியும்ணா, மூஞ்சியிலயே எழுதி இருந்துச்சி" என்றாள்.

ஹோட்டல் லைனுக்கு வரும் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். எந்த மொழியைக் கற்றாலும், டேபிளுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கூட வேலை செய்பவரைப் பார்த்து வயிறு எரிந்தால், பஸ்ஸில் ஒளிந்து படிக்காமல் அவரிடமே போய்க் கற்றுத்தரச் சொல்லிக் கேளுங்கள். எரிச்சல் உடனே அடங்காது, ஆனால் வேலை வந்துவிடும்.

ஜுபைதா இப்போது பிரெஞ்சு ஆரம்பித்திருக்கிறாள். நேற்றுப் பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஒரு ஜோடியிடம் பேசியதைக் கேட்டேன். எரிந்தது. காலையில் போனதும் முதல் வேலையாக அவளிடம் கேட்கப் போகிறேன்.