சந்தனப் பொட்டு வைத்த வனேடியம்

சில பொருள்களில் எலக்ட்ரான்களுக்குப் பஞ்சமே இருக்காது. ஆனாலும் மின்சாரம் ஓடாது. ஒரு இடத்தில் இரண்டு உட்காரலாம். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனி இடத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை அண்டவிடாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குத் தினமும் பஸ்ஸில் போன எனக்கு இதில் ஆச்சரியம் வரவில்லை. இரண்டு பேர் சீட்டில் ஒருத்தர் உட்கார்ந்து பக்கத்தில் பையை வைத்திருப்பார். எடுக்கச் சொன்னால் முறைப்பார்.

குரோமியம் கலந்த வனேடியம் ஆக்சைடு இன்னும் விசேஷம். சாதாரண நேரத்தில் உலோகம் போல மின்சாரத்தைக் கடத்தும். சூடேற்றினால் சட்டென்று மறுத்துவிடும். அந்த மாற்றத்தை அளந்து காட்டுவதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. டிசம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ராஜபாளையம் கல்லூரியில் எனக்கிருந்த தற்காலிக விரிவுரையாளர் வேலை போய்விடும். தூளை அழுத்தி நான் செய்த வில்லைகளோ எந்தச் சூட்டிலும் மின்சாரத்தைக் கடத்தவே இல்லை.

என் கைடு இதற்குக் காரணம் கண்டுபிடித்தார்: நேரம் சரியில்லையாம். விஜயதசமி காலையில் ஆய்வகத்தைத் திறந்து உலை, மீட்டர், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நான் தேங்காய் உடைக்க வெளியே போன நேரத்தில் பக்தி முற்றி, வில்லையைப் பிடித்திருந்த தாங்கியிலும், மின்தடையை அளக்கும் கம்பிகளுக்கு நடுவே, குழைவாக ஒரு பொட்டு வைத்துவிட்டார். பிறகு அவர் கையாலேயே சுவிட்சைப் போட்டார்.

சூடு ஏற ஏற மின்தடை எகிறியது. அறையெல்லாம் சந்தன வாசனை.

“பாத்தியாம்மா, எம்புட்டு அழகா ஏறுது” என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

ஆறிய பிறகு தடை இறங்கவில்லை. உண்மையான மாற்றமென்றால் இறங்கியிருக்க வேண்டும். “இது மீளாத மாற்றம்மா, உலகத்துல இன்னும் யாரும் பாக்கல” என்றவர், சாயங்காலமே கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார். அதில் அவர் ஆளுயரத்துக்குச் சிரித்தார். என் முகம் ஓரத்தில் தபால்தலை அளவுக்கு இருந்தது.

மறுநாள் தாங்கியைக் கழற்றினேன். கம்பிகளுக்கு நடுவே காய்ந்து கருகிய பொட்டு. ஈரச் சந்தனம் மின்சாரத்தைக் கடத்தியிருக்கிறது, காய்ந்ததும் நிறுத்திவிட்டது. சந்தேகம் தீர, வில்லையை எடுத்துவிட்டு வெறும் தாங்கியில் புதுச் சந்தனம் வைத்துச் சூடேற்றினேன். அதே கோடு, அதே ஏற்றம்.

இரண்டு வரைபடங்களையும் அவர் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“இது வேற யாருக்குத் தெரியும்?”

“உங்களுக்கும் எனக்கும்தான் சார்.”

“அப்போ முத வரைபடத்தை வச்சு எழுதிரும்மா. டிசம்பர் வருதுல்லா?”

“என்னால ஏலாது சார்.”

டிசம்பரில் வேலை போனது. வீம்பாக இருந்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் பஸ்ஸில் வரும்போதே அழுதேன். சில மாதம் கழித்து, அந்த முதல் வரைபடத்தோடு கட்டுரை அவர் பெயரில் வெளிவந்தது. அதன் கடைசியில், அளவீடுகளை மிகக் கவனமாகச் செய்து உதவியதற்காக எனக்கு நன்றி சொல்லியிருந்தார்.